களமா, காப்பகமா: முதுநிலை ஆய்வுத் திட்டத்துக்கு எது பொருந்தும்?

இறுதிப் பருவ ஆய்வுத் திட்டத்துக்குத் தரவைத் தாமே களத்தில் திரட்டுவதா, காப்பகங்களில் ஏற்கெனவே இருப்பதைக் கொண்டு எழுதுவதா என்ற தயக்கம் தாவரவியல் மாணவருக்கும் வரலாற்று மாணவருக்கும் ஒன்றுபோலவே வருகிறது.

செலவு: களத்தில் பயணம், தங்குமிடம், வேதிப்பொருள் எனப் பணம் கரையும். காப்பகத்தில் பெரும்பாலும் படியெடுப்போடு முடியும். ஜென்பேங்க் என்னும் இணையத் தரவுத்தளத்திலுள்ள மரபணு வரிசைகளுக்குக் கட்டணமே இல்லை.

காலம்: காப்புக்காட்டில் செடி பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும், அது வருவதற்குள் பூக்கும் பருவம் கடந்துவிடக்கூடும். கோவையிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரக் காப்பகத்திலோ, உலர்த்தி ஒட்டிய செடி மாதிரியின் சீட்டிலேயே சேகரித்த இடமும் நாளும் பொதுவாகக் குறித்திருக்கும்.

நம்பகம்: இங்குதான் கவனம் தேவை. 1890 முதல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் பாடம் அச்சிலேயே கிடைத்தாலும், சிதைந்த எழுத்துகளைப் பதிப்பாசிரியர் ஊகித்து அடைப்புக்குறிக்குள் தந்த இடங்கள் உண்டு; அக்குறியை விட்டுவிட்டு மேற்கோள் காட்டும் ஆய்வேடு, ஊகத்தைச் சான்றாக்கிவிடும். களத்தரவில் பிழை நம்முடையதே. ஆனால் பெரும்பாலும் திரும்பிச் சென்று சரிபார்க்கலாம்.

ஒரே பருவத்தில் முடிக்க வேண்டியவருக்குக் காப்பகமே ஏற்றது என்பது என் கருத்து. எங்கும் பதிவாகாத வாய்மொழி வழக்காற்றைத் தேர்ந்தவருக்கோ களத்தைத் தவிர வழியில்லை. முனைவர் பட்டம் வரை தொடர எண்ணுவோர் காப்பகத்தில் தொடங்கி, அங்கே காணும் இடைவெளியை நிரப்பக் களம் செல்லலாம்.