சேற்றுப்புண்ணுக்கு எந்தக் களிம்பு: க்ளோட்ரிமசோலா, டெர்பினாஃபினா?

சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே தோல் வெளுத்து, ஊறி, உரிந்து அரிக்கிறதா? பெரும்பாலும் அது பூஞ்சைதான். கடையில் கிடைப்பவற்றில் முக்கியமானவை இரண்டு: க்ளோட்ரிமசோல் 1%, டெர்பினாஃபின் 1%.

க்ளோட்ரிமசோல் பூஞ்சையை வளரவிடாமல் தடுக்கும், சட்டென்று கொல்லாது. அதனால் தினம் இரு வேளை, 4 வாரம் போட வேண்டும். சிக்கலே இங்குதான். அரிப்பு முன்கூட்டியே அடங்கிவிடும், டியூபை மூடி வைத்துவிடுவோம், மிச்சமிருக்கும் பூஞ்சை மறுபடி கிளம்பும். டெர்பினாஃபின் பூஞ்சையையே கொல்லும். மேல்தோலில் தங்குவதால் நிறுத்திய பிறகும் சில நாள் வேலை செய்யும். விரலிடுக்குக்கு இரு வேளையாக 1 வாரம். பாதத்தின் அடியிலும் ஓரத்திலும் செதில் படர்ந்திருந்தால் 2 வாரம்.

ஆள்காட்டி விரலின் நுனிக்கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். ஒரு காலின் இடுக்குகளுக்கு அது தாராளம். இரண்டு காலுக்கு, இரு வேளைக்கு, நாளொன்றுக்கு 2 கிராம். டெர்பினாஃபின் என்றால் 14 கிராம், 15 கிராம் டியூப் ஒன்று போதும். க்ளோட்ரிமசோல் என்றால் 56 கிராம், நான்கு டியூப். விலை பார்ப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

விரலிடுக்குக்கு எங்கள் முதல் தேர்வு டெர்பினாஃபின். ஆனால் நாள் முழுக்க ஈரத்தில் நிற்பவர்களின் இடுக்கில் கேண்டிடா வகை பூஞ்சையும் சேரும்; அதற்கு க்ளோட்ரிமசோலே மேல். டெர்பினாஃபினுக்கு மசியாத படர்தாமரைப் பூஞ்சையும் இந்தியாவில் பரவியிருக்கிறது. ஆகவே 2 வாரத்தில் மாற்றமே இல்லையென்றால் தோல் மருத்துவரிடம் போய்ச் செதிலைச் சுரண்டிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து வாங்காதீர்கள் என்று நாங்கள் சொல்வது ஒன்றைத்தான்: க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்பு. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் ஓரிரு நாளில் அடக்கும், பூஞ்சையோ அடியில் பரவும். தோல் மெலியும், படையின் விளிம்பு மங்கி மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். வாங்குமுன் அட்டையில் பொடி எழுத்தையும் படியுங்கள்.

எந்தக் களிம்பானாலும் இடுக்கை நன்றாகத் துடைத்து, உலர்ந்த பிறகே போடுங்கள். ஈரத்தில் போட்டால் வெள்ளைக் குழம்பாகத் தேங்கி, தோல் இன்னும் ஊறும். புண்ணைத் தாண்டி 2 செ.மீ. வரை தடவுங்கள். உள்ளாடைக்கு முன் சாக்ஸ் போட்டால் பூஞ்சை தொடையிடுக்குக்கு ஏறாது.

நகம் தடித்து மஞ்சளாகியிருந்தால் இந்தக் களிம்புகள் உள்ளே இறங்காது; பெரும்பாலும் மருத்துவர் சொல்லும் மாத்திரைதான். சர்க்கரை நோயாளிகளும், கால் வீங்கிச் சிவந்தவர்களும் கடையில் கேட்டு வாங்கிப் போடாமல் நேரே மருத்துவரிடம் போங்கள்.