டிபிஎஸ் ரீசெட்டுக்குப் பிறகு ஐடில் நிற்கவில்லையா: வயரா, ஸ்கேனரா?

பைக்கில் எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டி, அந்தத் திறப்பை அளக்கும் சென்சாரான டிபிஎஸ்-ஐயும் ரீசெட் செய்துவிட்டு, தெம்பாக சிங்கப்பூரின் உபி பக்கம் கிளம்பினேன். முதல் சிக்னலில் வண்டி 2,000 ஆர்பிஎம்மில் கத்துகிறது. அடுத்த சிக்னலில் முக்கி முக்கி அப்படியே ஆஃப். பின்னால் லாரிக்காரர் வேறு ஹார்ன் அடிக்கிறார்.

நான் செய்தது வயர் முறை. பல ஹோண்டா பைக்குகளில் பழுதறியும் கனெக்டரை (டிஎல்சி) ஷார்ட் செய்துவிட்டு, எஞ்சின் வெப்ப சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, இரண்டு முனையையும் துண்டு வயரால் இணைத்து, சாவியைப் போட்டு, மீட்டரில் எஞ்சின் விளக்கு மினுக்கும்போது வயரை உருவிவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை, காசு கிடையாது. மாடலுக்கு மாடல் முறை மாறும், மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ரீசெட் என்பது ஐடிலை, அதாவது த்ராட்டிலைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை, சரிசெய்யும் வேலையே இல்லை. 'இப்போது த்ராட்டில் பாடிக்குள் இருக்கும் பிளேட்டின் நிலைதான் முழு மூடல்' என்று எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், அவ்வளவுதான். பிளேட் ஒரு மயிரிழை திறந்திருந்தால் அதையும் மூடல் என்றே படித்துக்கொள்ளும், விளக்கும் சமர்த்தாக மினுக்கிக் காட்டும்.

பக்கத்து புளோக் அண்ணனிடம், ஈசியூ படிக்கும் எண்களைத் திரையில் காட்டும் ஸ்கேனர் இருந்தது. பலமாடிக் கார்ப்பேட்டையின் மேல்தளத்தில் மாட்டிப் பார்த்தோம். த்ராட்டில் மூடிய நிலையில் டிபிஎஸ் 0.50 வோல்ட். "தம்பி, ஹேண்டிலை இடது பக்கம் முழுசா ஒடி" என்றார். ஒடித்தேன், 0.57! த்ராட்டில் கேபிளில் தளர்வே விடாமல் இறுக்கியிருந்திருக்கிறேன், ஹேண்டில் திரும்பும்போது அது பிளேட்டை இழுக்கிறது. போதாக்குறைக்கு, சைட் ஸ்டாண்டில் சாய்த்து ஹேண்டில் ஒடிந்த நிலையிலேயே ரீசெட்டும் செய்திருக்கிறேன்! கேபிளைத் தளர்த்தி, த்ராட்டில் பிடியில் 2 முதல் 6 மி.மீ. ஆட்டம் விட்டு, ஹேண்டிலை நேராக வைத்து மறுபடி ரீசெட் செய்ததும் 1,400-இல் வந்து நின்றது.

அதனால் என் ஓட்டு ஸ்கேனருக்குத்தான், அந்த ஒரு எண்ணைக் கண்ணால் பார்க்கலாம் என்பதற்காகவே. மல்டிமீட்டரும் அதே எண்ணைக் காட்டும், விலையும் குறைவு. ஆனால் சிக்னல் வயரில் ஊசி குத்த வேண்டாம், நம் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் அந்த ஓட்டை வழியாகப் பச்சை பிடித்துவிடும். கனெக்டரின் பின்பக்கமாக மெல்ல நுழைத்துப் பார்க்கலாம்.

ஸ்கேனரிலும் தொல்லை உண்டு. காருக்கு வாங்கியதை அப்படியே பைக்கில் செருக முடியாது, தனி அடாப்டர் கேபிள் வேண்டும். மலிவானவை எண்ணைக் காட்டும், ரீசெட் செய்யாது. அப்போது பார்ப்பதற்கு ஸ்கேனர், ரீசெட்டுக்குப் பழைய துண்டு வயர். ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பதாக இருந்தாலும் ஹேண்டிலை இரு பக்கமும் ஒடித்து எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

என் அனுபவமெல்லாம் கேபிள் வண்டியோடு சரி. மோட்டாரால் பிளேட்டைத் திறக்கும் ரைடு-பை-வயர் வண்டிக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஹேண்டிலை எப்படித் திருப்பினாலும் எண் அசையவில்லை, ஐடில் மட்டும் ஏறி இறங்குகிறது என்றால் டிபிஎஸ்-ஐ விட்டுவிடுங்கள். த்ராட்டில் பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பரை டார்ச் அடித்துப் பாருங்கள், காற்று கசியும் வெடிப்பு அடிப்பக்கமாக ஒளிந்திருக்கலாம்.