பூட்டிக் கிடக்கும் வீட்டுத் தோட்டத்துக்கு செங்காந்தளா, நரிவெங்காயமா?

கானாடுகாத்தானில் இருக்கும் எங்கள் பழைய வீட்டில் இப்போது யாரும் குடியில்லை. காரைக்குடியில் இருந்து மாதத்துக்கு இரண்டு தடவை போய்த் திறந்து, பெருக்கி, விளக்கேற்றிவிட்டு வருவோம். பின்பக்கத் தோட்டத்தில் நம் மண்ணுக்கே உரிய கிழங்குப்பூ ஏதாவது வைக்கலாமே என்று நான்கு வருஷமாகச் செங்காந்தளையும் நரிவெங்காயத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வளர்த்துப் பார்த்தேன். மழை லில்லியைச் சேர்க்கவில்லை, அது அமெரிக்கக் கண்டத்துச் செடி.

அழகு என்று பார்த்தால் செங்காந்தள்தான், அதில் பேச்சே இல்லை. பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, முழுச் சிவப்பாக முடியும் பூ, நம் மாநில மலர் வேறு. ஆடியில் கிழங்கை நட்டால் ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும். ஆனால் இலை நுனியே சுருண்டு பற்றி ஏறுகிற கொடி அது, பிடித்துக்கொள்ள வேலியோ குச்சியோ வேண்டும். கலப்பை மாதிரி வளைந்த கிழங்கில் முளை நுனியில்தான் இருக்கிறது, நடும்போது அது ஒடிந்தால் அந்தக் கிழங்கு வீண். மழை நாளில் கருப்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி போட்ட புழு வந்துவிட்டால் நாலே நாளில் வெறும் தண்டுதான் நிற்கும். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை போகிறவனுக்கு அதைக் கண்ணால் பார்க்கக்கூட வாய்ப்பில்லை.

இதெல்லாம்கூடச் சமாளிக்கலாம். என்னைத் தோற்கடித்தது கோடைத் தண்ணீர். தை, மாசியில் கொடி காய்ந்த பிறகு கிழங்கு மண்ணுக்குள் தூங்கும், அப்போது ஈரமே ஆகாது. மேலே எதுவும் தெரியாத இடத்தில் உயிர் இருக்கிறது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? பக்கத்து மல்லிகைக்கு ஒருவர் தினமும் தண்ணீர் விட்டுவந்தார், ஆடியில் தோண்டினால் ஆறு கிழங்கில் நாலு கூழாகக் கிடந்தது. தோண்டி எடுத்து மணலில் போட்டு வைக்கலாம், ஆனால் அதைச் செய்ய வருஷா வருஷம் சரியான வாரத்தில் ஆள் வேண்டும்.

நரிவெங்காயத்துக்கும் ஈரம் ஆகாதுதான். ஆனால் அது பங்குனி, சித்திரையில் இலையே இல்லாமல் வெறும் மண்ணில் இருந்து ஒரே தண்டை நீட்டிப் பூக்கிறது. அந்தத் தண்டைப் பார்த்ததுமே தண்ணீர் விடுகிறவர் குழாயைத் தள்ளிப் பிடிக்கிறார். எனக்கு இதுதான் முடிவைச் சொன்னது. சரளை கலந்த செம்மண்ணில் கழுத்து வெளியே தெரிகிற மாதிரி நட்டதோடு சரி, நான்கு வருஷமாக எருவும் போடவில்லை, தண்ணீரும் விடவில்லை. மழைக்கு இலை வருகிறது, கோடைக்கு முன்னால் தானே காய்கிறது. பூ சின்னது, பழுப்பும் பச்சையும் கலந்த மங்கல் நிறம். கீழிருந்து மேலாக நாளைக்குச் சில பூவாக, பொழுது சாயும்போது விரிந்து விடிவதற்குள் வாடிவிடும். அதனால் பங்குனியில் மட்டும் இரவு அங்கேயே தங்கிவிடுகிறேன்.

"வெங்காயத்தைப் போய் தோட்டத்துல நட்டு வச்சிருக்கியேப்பா" என்று பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன், இது சமையல் வெங்காயம் இல்லை, கடும் விஷம். இதயத்தைத் தாக்கும், சாறு பட்டால் தோலும் அரிக்கும். செங்காந்தளும் சளைத்ததில்லை, அதன் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் கோல்ச்சிசின் ஆளைக் கொல்லும். குழந்தைகளோ ஆடோ நடமாடும் வீட்டில் இரண்டுமே வேண்டாம். கையுறை இல்லாமல் தொடவும் வேண்டாம்.

என்னிடம் இருக்கும் நரிவெங்காயம் ஐந்து கிழங்கு, பிளாட் போடுவதற்காகப் பொக்லைன் புரட்டிப் போட்ட மேட்டில் பொறுக்கியது. காட்டில் நன்றாக இருப்பதைத் தோண்டாதீர்கள். தொட்டியில் இது எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்கிற அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை, விதை போட்டும் பார்த்ததில்லை. மிஞ்சிய இரண்டு செங்காந்தள் கிழங்கையும் காரைக்குடி வீட்டு மாடிக்குக் கொண்டுவந்துவிட்டேன், அங்கே தினமும் காலையில் புழு பார்க்க நான் இருக்கிறேன்.