மலைமுகட்டில் புதுக் காற்றாலையா, முப்பந்தலில் பழையதற்கு மாற்றா?

காற்றாலை இறக்கைகளை டிரெய்லரில் ஏற்றித் தளத்தில் கொண்டு சேர்ப்பது என் தொழில். போன கார்த்திகையில் இரண்டு வேலைகள் ஒன்றாக வந்தன. ஒன்று, மகாராஷ்டிராவில் சகியாத்திரி, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலை முகடு ஒன்றில் புதுக் காற்றாலைகள். மற்றது, குமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழிப் பக்கம் முப்பந்தலில் பழைய காத்தாடிகளைக் கழற்றிவிட்டு அதே நிலத்தில் பெரியதை நிறுத்தும் ரீபவரிங். வாடகை மலைவேலைக்குத்தான் அதிகம். நான் ஆரல்வாய்மொழியை எடுத்தேன்.

முகட்டில் காற்று நன்றாக அடிக்கும், அதில் பேச்சே இல்லை. முப்பந்தலிலும் குறைவில்லை. தென்மேற்குக் காற்று கணவாய்க்குள் நெருக்கிக்கொண்டு வருகிற இடம் அது.

என்னை முடிவெடுக்க வைத்தது பாதை. இன்றைய 2, 3 மெகாவாட் இயந்திரத்தின் இறக்கை ஒன்று 60 மீட்டர் அளவுக்கு வரும். ஜீப் ஏறுகிற கொண்டைஊசி வளைவில் அது திரும்ப வேண்டுமானால் மலையின் உள்பக்கத்தை வெட்டியாக வேண்டும். வெட்டிய மண்ணும் பாறையும் வெளிச்சரிவில் போய் விழும். மேலே போனால் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கிரேன் நிற்க ஒரு மைதானத்தைச் சமப்படுத்த வேண்டும். சரி, ஒருமுறை வெட்டினால் தீர்ந்தது என்று நினைப்போம். தீராது. கியர்பாக்ஸ் போனாலோ இறக்கையில் விரிசல் விட்டாலோ அதே அளவு கிரேன் மறுபடி ஏற வேண்டும். அதனால் 20, 25 வருடம் அந்தப் பாதையில் காடு திரும்ப முளைக்க விடமாட்டார்கள். அந்த மலைகளில் காற்றும் மழையும் ஒரே மாதங்களில் வருகின்றன. ஆனி, ஆடியில் இயந்திரம் நன்றாக ஓடுகிற நேரத்தில்தான் பாதை கரைந்து இறங்கும். மழை விட்டதும் மறுபடி ஜேசிபி.

சில வருடங்களுக்கு முன் ஒரு மலைத் தளத்துக்கு இறக்கை ஏற்றினேன். அடுத்த மழைக்குப் பிறகு போனபோது, கீழே ஒரு வயலில் வயதான அம்மா ஒருவர் கூடையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். என் வண்டி திரும்புவதற்காக வெட்டிய வளைவிலிருந்து வந்த கல். தளத்து ஒப்பந்தக்காரரிடம் சொன்னேன், பதில் வரவில்லை.

மகாராஷ்டிராவின் பீமாசங்கர் சரணாலயத்தை ஒட்டிய காற்றாலைகளுக்கு எதிர்ப்பு வந்ததிலும் இதே கதை இருக்கிறது. சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலை நிபுணர் குழு 2011-ல் தந்த அறிக்கை, அங்கே பாதை வெட்டியதால் மண் சரிந்ததையும், இடிபாடுகள் விளைநிலங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் சேர்ந்ததையும், காலங்காலமாகப் போய்வந்த மலைக்கு ஊர்க்காரர்களையே விடாமல் தடுத்ததையும் பதிவு செய்தது. அந்தச் சரணாலயம் மலையணிலுக்குப் பேர்போனது. மரத்துக்கு மரம் தாவிப் போகிற உயிர் அது, அகலமான பாதை குறுக்கே விழுந்தால் அதன் வழி அங்கேயே அறுந்துவிடும்.

மரமில்லாத மேட்டுநிலத்தில் வைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். சாத்தாரா அருகே சால்கேவாடியில் அப்படித்தான் வைத்தார்கள். காற்றாலை உள்ள பகுதியில் இரைகொல்லிப் பறவைகள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் இருந்தன, பயமில்லாமல் ஓணான்கள் பெருகின என்று 2018-ல் ஓர் ஆய்வு வந்தது.

இனி ஆரல்வாய்மொழி. பக்கத்திலேயே தேசிய நெடுஞ்சாலை 44, துணைமின் நிலையம், பழகிய தரை. பழைய 225 கிலோவாட் இயந்திரத்தின் இறக்கை 13, 14 மீட்டர்தான், பத்தைக் கழற்றினால் ஒரு பெரியது அந்த வேலையைச் செய்துவிடும். சிக்கலும் அதில்தான்: பத்துக்கும் பத்து உரிமையாளர்கள், பத்துக் கையெழுத்து. பழைய இயந்திரத்துக்கு இருந்த மின்சார பேங்கிங் சலுகை (மிஞ்சிய மின்சாரத்தை வாரியக் கணக்கில் வைத்துப் பிறகு எடுத்துக்கொள்வது) போய்விடுமோ என்ற பயம் சிறு முதலீட்டாளர்களுக்கு நிறைய இருக்கிறது, அது நியாயமான பயம். நான் செய்தது இரண்டே ரீபவரிங் வேலைகள். இரண்டுமே காகிதத்தில்தான் தாமதமாயின, தரையில் இல்லை. பெரிய இயந்திரத்தின் இரைச்சல் பக்கத்துத் தோட்ட வீடுகளை எப்படிப் பாதிக்கும் என்பதை இரண்டு சீசனாவது பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.

மலையில் வேண்டாம் என்பவர்களைப் பார்த்து, மின்சாரம் வேண்டாமா என்று கேட்கிறார்கள். காற்றாலையால் சோறு சாப்பிடுகிறவன் நான். பழைய காத்தாடிகள் நிற்கும் நிலத்தை முழுசாகப் பயன்படுத்தாமல் மலையை வெட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

மாசியில் தூத்துக்குடியிலிருந்து முதல் இறக்கை கிளம்புகிறது. ரூட் சர்வே முடித்துவிட்டேன். ராத்திரியில் தூக்கிப் பிடிக்க வேண்டியது நான்கு இடத்தில் மின்கம்பி, கழற்றி மாட்ட வேண்டியது ஒரு ரவுண்டானாவின் பெயர்ப்பலகை.