ஷெல்பியைத் தேடினால்: பவுண்டர்ஸ் ஆன்லைனில் கவர்னர் கிடைப்பார், கர்னல் கிடைப்பது கஷ்டம்

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் அமெரிக்க வரலாறு படிக்கிறவர்களுக்கு மூலக் கடிதங்கள் வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் பவுண்டர்ஸ் ஆன்லைன். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகமும் வர்ஜீனியா பல்கலைக்கழகப் பதிப்பகமும் சேர்ந்து 2013-ல் தொடங்கிய சேவை இது. கட்டணமோ பதிவோ கிடையாது. 1,80,000-க்கு மேற்பட்ட ஆவணங்கள் உண்டு. படமாக இல்லாமல் தட்டச்சு செய்த எழுத்தாக இருப்பதால், மலையடிவாரத்தில் சிக்னல் தடுமாறும் ஊர்களிலும் பக்கம் திறந்துவிடும்.

சேவையின் பலமும் பலவீனமும் தெரிய ஐசக் ஷெல்பியைத் தேடிப் பார்க்கலாம். 1750-ல் மேரிலாந்தில் பிறந்தவர். ஊர்ப்படை அதிகாரியாக இருந்து 1792-ல் கென்டக்கியின் முதல் கவர்னர் ஆனவர். 1799-ல் ஆள் திரட்டிப் போய்ப் பின்னர் திருவிதாங்கூரின் தளவாயான (முதன்மை அமைச்சரான) தலக்குளத்து வேலுத்தம்பியை அறிந்த நமக்கு இந்த வகை ஆள் புதிதல்ல.

வெறும் 'ஷெல்பி' என்று போட்டால் அவருடைய அப்பா ஈவன் (Evan) ஷெல்பியும் கலந்து வருவார். அவரும் படை அதிகாரி என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். எழுதியவர், பெற்றவர் என்ற வடிகட்டிகளில் குடும்பப்பெயர் முதலில் வரும் வடிவத்தில் ஐசக் ஷெல்பியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு காலகட்டத்தைக் குறுக்குங்கள். அக்காலத்தவர் பெயர்களை மனம்போன போக்கில் எழுதினார்கள். ஒரு எழுத்துக்கூட்டல் பலிக்காவிட்டால் இன்னும் இரண்டு மூன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கவர்னர் ஷெல்பி இங்கே நன்றாகவே கிடைக்கிறார். 1793-ல் பிரெஞ்சுத் தூதர் ஜெனேயின் தூண்டுதலில், ஸ்பெயின் வசமிருந்த லூசியானாவைத் தாக்க கென்டக்கியில் ஆள் சேர்க்கும் முயற்சி நடந்தது. அதைத் தடுக்கச் சொல்லி வெளியுறவுச் செயலர் ஜெபர்சன் ஆகஸ்ட் 29-லும் நவம்பர் 6-லும் எழுதினார். தடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்பதே சந்தேகம் என்று 1794 ஜனவரி 13-ல் ஷெல்பி பதில் எழுதினார். ஜெபர்சன் அதற்குள் பதவி விலகிவிட்டார். இந்தக் கடிதங்களைத் தேதி வரிசையில் வைத்துப் படித்தால் போதும், எல்லைப்புறத்து அரசியல்வாதி மத்திய அரசுக்கு எப்படிப் பிடிகொடுக்காமல் பேசுவார் என்பது விளங்கும். பதிப்பாசிரியர் குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். பாதிச் சங்கதி அங்கேதான் இருக்கிறது. 'முன்னணுகல்' (Early Access) என்ற அடையாளத்தோடு வரும் ஆவணங்களில் அந்தக் குறிப்புகள் இருக்காது.

கர்னல் ஷெல்பிதான் சிக்கல். அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1780 அக்டோபர் 7-ல் கிங்ஸ் மவுண்டன் குன்றில் ஷெல்பி, செவியர், கேம்பெல் முதலானவர்களின் ஆட்கள், பிரிட்டிஷ் மேஜர் பெர்குசனின் அரச விசுவாசப் படையை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முறியடித்தார்கள். மேலிருந்து துப்பாக்கிக் கத்தியோடு பாய்ந்தவர்களுக்குப் பின்வாங்கி, மரங்களின் மறைவிலிருந்து ரைபிளால் சுட்டுக்கொண்டே மறுபடி ஏறியதுதான் உத்தி. இதை இங்கே தேடினால் கிடைப்பது பெரும்பாலும் தூரத்திலிருந்தவர்கள் எழுதிய செய்தி. வாஷிங்டனின் அக்டோபர் 27 பொது உத்தரவு பெர்குசனிடம் 1,400 பேர் இருந்ததாகச் சொல்கிறது. அவரைக் கர்னல் என்றும் எழுதுகிறது. உண்மையில் ஏறக்குறைய 1,100 பேர்தான். மூல ஆவணம் என்ற மரியாதையில் அந்த எண்ணை அப்படியே ஆய்வேட்டில் ஏற்றினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

காரணம் தொகுப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. வாஷிங்டன், பிராங்க்ளின், ஆடம்ஸ், ஜெபர்சன், ஹாமில்டன், மேடிசன், ஜே ஆகிய ஏழு பேரின் தாள்கள்தான் உள்ளே. அந்த ஏழு வீட்டு வாசலுக்கு வந்தால்தான் மற்றவர்கள் கண்ணில் படுவார்கள். அதிபர் மன்ரோ பட்டியலில் இல்லை. அதனால் 1817-ல் அவர் போர்த்துறைச் செயலர் பதவி தர முன்வந்ததும் ஷெல்பி மறுத்ததும் இங்கே நேரடியாகக் கிடைக்காது. 62 வயதில் கவர்னராக இருந்தபடியே படையை நடத்திக்கொண்டு கனடாவில் பிரிட்டிஷாருக்கு எதிரான தேம்ஸ் ஆற்றுச் சண்டைக்கு அவர் போன 1813-ஐப் பிடிக்க, மேடிசன் ஆட்சிக்காலம் என்ற வடிகட்டியைப் போடுங்கள்.

குறை இருந்தாலும், இப்படி ஒன்று வேலுத்தம்பிக்கு இல்லையே என்ற ஏக்கம் வரத்தான் செய்யும். அவருக்கு இன்றும் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்துக்குப் பஸ் ஏறித்தான் ஆகவேண்டும்.