பஸ்ஸுக்குப் பச்சை விளக்கு: கேமராவா, ஜிபிஎஸ்ஸா?

சென்னை மூலக்கடை சிக்னலில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் மாட்டி, ஃபுட்போர்டு வரை ஆள் நிறைந்த பஸ் மூன்றாவது தடவையாகச் சிவப்பைப் பார்க்கும்போது, பஸ்ஸுக்காவது கொஞ்சம் முன்னாடியே பச்சை விழக்கூடாதா என்று தோன்றும். அதற்கு வழி இருக்கிறது: பஸ் வருவது சிக்னலுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அதைக் கேமரா சொல்வதா, ஜிபிஎஸ் சொல்வதா என்பதில்தான் குழப்பம்.

அடையாளம்: கேமரா, உருவத்தைப் பார்த்து பஸ், ஆட்டோ என்று பிரிக்கும்.
ஜிபிஎஸ்ஸில் பஸ்ஸே தன் இடத்தைச் சொல்லிக்கொண்டு வரும்.

செலவு: கேமரா சந்திப்புக்குச் சந்திப்பு வேண்டும், துடைக்க ஆளும் வேண்டும்.
ஜிபிஎஸ் கருவி பஸ்ஸில் இருந்தால், அதை சிக்னலோடு இணைப்பதுதான் பெரிய வேலை.

தாக்குப்பிடிப்பது: எண்ணூர் நெடுஞ்சாலைப் புழுதியும் உப்புக்காற்றும் லென்ஸை விடாது, ஐப்பசி மழை இரவில் இன்னும் மோசம். லாரி மறைத்தால் பஸ்ஸே தெரியாது.
ஜிபிஎஸ்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை, மேம்பாலத்துக்கு அடியில் மட்டும் இடம் கொஞ்சம் தவறும்.

லண்டனில் ஐபஸ் என்ற ஏற்பாடு ஜிபிஎஸ் உதவியோடுதான் ஓடுகிறது: பஸ் நெருங்கினால் பச்சையைச் சில விநாடி நீட்டும், இல்லையென்றால் சிவப்பைச் சீக்கிரம் முடிக்கும்.

பஸ்ஸுக்கு முன்னுரிமைதான் வேண்டும் என்றால் என் ஓட்டு ஜிபிஎஸ்ஸுக்கு. எல்லா வண்டியையும் எண்ணி சிக்னல் நேரத்தை மாற்ற வேண்டுமா, கேமரா வையுங்கள். அப்புறம் இன்னொன்று, நிறுத்தம் சிக்னலுக்கு முன்னால் இருந்தால் ஆள் ஏறி இறங்குவதற்குள் கிடைத்த பச்சை போய்விடும், அதை முதலில் சிக்னலுக்கு அந்தப் பக்கம் தள்ளுங்கள்.