டர்பனில் நாய் வளர்ப்பவர்களுக்கு: அந்த ரீஃபில் ஷாம்பு வேண்டாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், குறிப்பாக இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த் பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். சனிக்கிழமைச் சந்தைகளில் ‘ஆர்கானிக்’ நாய் ஷாம்பு விற்கிறார்களே, பழுப்புப் பாட்டிலில் வேப்பிலைப் படம் போட்டு, காலிப் பாட்டிலைக் கொண்டுபோனால் அதிலேயே நிரப்பிக் கொடுத்து (ரீஃபில்) 30 ரேண்ட் தள்ளுபடி என்று? அப்படி ஒன்றை வாங்கித்தான் எங்கள் மணி சாகப் பிழைக்கக் கிடந்தான்.

மணி ஸ்டாஃபி (ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர்) கலப்பு, வெள்ளை நாய், நாலு வயது. அந்த ஜாதிக்கே தோல் அலர்ஜி அதிகம். ஜனவரிப் புழுக்கத்தில் வயிறும் தொடையிடுக்கும் சிவந்துபோய், ராத்திரியெல்லாம் நக்கிக்கொண்டே இருப்பான். கடையில் வாங்கிய ஷாம்பு எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான் இந்தச் சந்தைக் கடையைச் சொன்னார். பாவம், அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்.

முதல் பாட்டில் நன்றாகவே இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஓட்ஸ், சோற்றுக்கற்றாழை, வேப்பெண்ணெய் எல்லாம் போட்டது. நுரை குறைவு, சிவப்பும் கொஞ்சம் அடங்கியது. தீர்ந்ததும் அதே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பெருமையாகப் போனேன். விற்றவர் அதைக் கழுவவில்லை. அடியில் ஒரு விரற்கடை பழசு நின்றது. அதன் மேலேயே, மேசைக்கடியில் வெயிலில் காய்ந்த 20 லிட்டர் கேனிலிருந்து பிடித்தார். கெட்டியாக இருக்கிறதென்று தான் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரில் கொஞ்சம் விட்டுக் குலுக்கினார். “பதப்படுத்தி ஒரு சொட்டுக் கிடையாது, அத்தனையும் இயற்கை” என்றார். பதப்படுத்தி என்றால் ஷாம்பு கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள். நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

தைப்பூசக் காவடி முடிந்த அடுத்த சனிக்கிழமை குளிப்பாட்டினேன். மூடியைத் திறந்ததும் திராட்சை ஜூஸ் மாதிரி ஒரு வாடை. புதிதாக ஏதோ வாசனை சேர்த்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, உண்ணி போகட்டுமென்று முதுகில் முடிக்கு எதிர்ப்பக்கமாக அழுத்தித் தேய்த்தேன்.

திங்கள் காலை சாப்பாட்டுத் தட்டுக்கு அவன் வரவில்லை. முதுகில் கை வைத்ததும் அலறினான். சோபாவிலிருந்து குதித்ததில் தண்டுவடம் பிசகிவிட்டதோ என்றுதான் பயந்தேன். விளக்கடியில் முடியை விலக்கிப் பார்த்தால், கழுத்திலிருந்து இடுப்புவரை நடு முதுகில் மிளகு மிளகாகக் கருஞ்சிவப்புக் கொப்புளங்கள். டவல் பட்டு ஒன்று உடைந்தது. ரத்தமும் சீழுமாக வந்தது.

மருத்துவர் காய்ச்சல் பார்த்தார், 40.4 டிகிரி. முதுகைப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி: “குளிப்பாட்டி எத்தனை நாளாச்சு?”

குளிப்பாட்டிய ஒன்றிரண்டு நாளில் இப்படி மயிர்க்கால்கள் ஆழமாகச் சீழ் பிடிப்பது அவர்களுக்குத் தெரிந்த நோய்தானாம். பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. ஈரமிருந்தால் அதற்குப் போதும். தண்ணீர் கலந்து வைத்த ஷாம்புக்குள்ளேயே வளரும். எதிர்ப்பக்கமாகத் தேய்த்தால் உடைந்த முடி மயிர்க்காலுக்குள் குத்தி, கிருமிக்கு வழி விட்டுவிடும். ஓட்ஸும் கற்றாழையும் தோலுக்கு நல்லவைதான். ஆனால் தண்ணீரில் கரைத்துப் பதப்படுத்தி இல்லாமல் வாரக்கணக்கில் வைத்தால் கிருமிக்கு அது விருந்து. நான் எதைப் பார்த்து நம்பி வாங்கினேனோ, அந்த ‘பதப்படுத்தி இல்லை’தான் இவ்வளவுக்கும் காரணம். அப்புறம் அந்தத் திராட்சை வாடை. சூடோமோனாஸ் வளரும் இடத்தில் அப்படி வாடை வருமாம்.

சீழையும் பாட்டிலையும் ஆய்வகத்துக்கு அனுப்பினார். இரண்டிலும் அதே கிருமி. அது சாதாரண மருந்துக்கு மசியாதது. ஆறு வாரம் மாத்திரை கொடுத்தோம். எல்லாம் சேர்த்து 6,200 ரேண்ட். பாட்டில் விலை 160.

விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். “கவலைப்படாதீங்க, உள்ளே இருக்கிற நச்சு வெளியேறுது, இன்னும் ரெண்டு தடவை போடுங்க” என்று பதில். இதை நம்பி இன்னொரு தடவை போட்டிருந்தால்? ஆய்வக அறிக்கையை அனுப்பினேன், நீல டிக் மட்டும் வந்தது. பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம் என்று 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வதை எழுதிய பிறகுதான் பணம் வந்தது, தள்ளுபடி 30 கழித்து 130. மருத்துவச் செலவைக் கேட்டேன், பிளாக் செய்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் லேபிளை நிதானமாகப் படித்தேன். தயாரித்த தேதி இல்லை, பேட்ச் எண் இல்லை. ‘பிஹெச் 5.5’ (அமில, காரத் தன்மையின் அளவு) என்று பெருமையாகப் போட்டிருந்தது; அது மனிதத் தோலுக்கான கணக்கு, நாய்த் தோல் 7ஐ ஒட்டியது. ‘உண்ணி, தெள்ளுப்பூச்சியைக் கொல்லும்’ என்றும் இருந்தது. அப்படிச் சொல்லி விற்கும் பொருளை இந்த நாட்டில் 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண் பாட்டிலிலேயே இருக்கும். இதில் எந்த எண்ணும் இல்லை. கடைசி வரியில் டீ ட்ரீ எண்ணெய் வேறு, எத்தனை சதவீதம் என்று இல்லை. அதை எதிலும் கலந்து நீர்க்கச் செய்யாமல் போட்டால் நாய் நடை தள்ளாடி நடுங்கலாம். அமெரிக்காவில் 2002 முதல் 2012 வரை இப்படிச் சுத்த எண்ணெய் பட்ட நாய், பூனைகள் 443 பற்றி ஒரு ஆய்வே வெளிவந்திருக்கிறது.

இப்போது மணிக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த ஷாம்புதான், சீல் உடைக்காத பாட்டிலாகப் பார்த்து வாங்குகிறேன். அரிப்பு அதிகமானால் வெறும் ஓட்ஸை மிக்ஸியில் பொடித்து வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றுகிறேன். மிஞ்சியதை அன்றைக்கே கொட்டிவிடுகிறேன்.

நேற்று சாயந்திரம் ஆன்ட்டியிடம் முழுக்கதையையும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், அவர் வீட்டுப் பொமரேனியனுக்கு வாங்கி வைத்திருந்த பாட்டிலை எடுத்து வந்தார். இதுவும் ரீஃபில்தான். மூடியைத் திறந்து முகர்ந்தவர், முகம் மாறி, அப்படியே என் பக்கம் நீட்டினார். திராட்சை.